சகோதரி மரகதத்துக்காக ஒரு ஜெபம்

பிரிஸ்கில்லாவின் போனுக்கு அந்த ரிப்போர்ட் வந்தபோது கம்பெனியில் டீ இடைவேளை. பேண்டேஜ் சுருள்களைப் பெட்டியில் அடுக்கிய கையோடு வந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று திறந்து பார்த்தாள். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். மரகதம் என்ற பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். அதற்குக் கீழே ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாட்டு டாக்டர் ஜெபாவுக்குப் போன் போட்டாள்.

"டாக்டரம்மா, பேப்பர் வந்திருக்கு. என்ன போட்டிருக்குன்னு வெளங்கல."

ஜெபாவுக்கும் அதே ரிப்போர்ட் வந்திருந்தது. பின்னால் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் பயந்த மாதிரிதான் வந்திருக்கு. கேன்சர். சினைப்பையில ஆரம்பிச்சு ஈரல் வரைக்கும் போயிருச்சு."

"கட்டியை அறுத்து எடுத்துர ஏலாதா?"

"அந்தக் கட்டத்தைத் தாண்டிருச்சுக்கா. வயித்தைத் திறந்தா மேசையிலயே போயிரும்."

"எம்புட்டு நாளு?"

"ஒரு மாசம் சொல்லலாம். அதுக்கும் கம்மியாத்தான் இருக்கும். வலி தெரியாம இருக்க மருந்து தாரேன். சாப்பாட்டை அறவே விட்டுட்டா, பொறவு இழுத்துக்கிட்டுப் போகக் கூடாது. ஊசி போட்டுத் தூங்க வச்சிரலாம். அண்ணன்கிட்ட நான் பேசவா?"

"வேண்டாம்" என்றாள் பிரிஸ்கில்லா. அவள் போட்ட சத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவிய கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிராதீங்க டாக்டரம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

மரகதம் ஒரு பெரிய பச்சை ஓணான். தலையிலிருந்து வால் நுனி வரை நாலரை அடி. இகுவானா என்று அதன் சாதிப் பெயர். தெருக்காரர்களுக்கு அது உடும்பு. யாரோ சொல்லிவிட்டு ஒரு தடவை வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெளிநாட்டுச் சாதி, பதிவு பண்ணிய காகிதம் இருக்கிறது என்று எட்வின் காட்டியதும், அதோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

எட்வின், பிரிஸ்கில்லாவின் புருஷன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஒன்பது வருஷத்துக்கு முந்தி அவனை வெறும் குடிகாரன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மகள் எலினா பத்தாவது பரீட்சை எழுதப் போன காலையில், பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே வேட்டி அவிழ்ந்து கிடந்தான். பிள்ளை அவனைத் தாண்டித்தான் உள்ளே போனாள். ஒரு நாள் ஓடுகிற மிஷினில் கை போகப் பார்த்தது. பக்கத்தில் நின்றவன் இழுத்துவிட்டதால் விரல் தப்பியது, வேலை தப்பவில்லை.

வேலையைத் திருப்பிக் கேட்டு அவன் மில் வாசலில் காத்துக் கிடந்த நாட்களில் ஒன்றில்தான் முதலாளியின் பேரன் கனடாவுக்குக் கிளம்பினான். அவன் ஆசைக்கு வாங்கி வளர்த்த ஓணான் கூண்டில் கிடந்தது. "இதைக் கொண்டு போயி மலையில விட்டுட்டு வா, பொறவு பேசலாம்" என்றார் மேனேஜர். எட்வின் அதைச் சாக்கில் கட்டி மலையடிவாரத்து அய்யனார் கோயில் பக்கம் கொண்டு போனான். அவிழ்த்துவிட்டதும் அது ஓடும் என்று நினைத்தான். ஓடவில்லை. சாக்கு மேலேயே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பவும் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"கனடாவுக்குப் போனவன் விட்டுட்டுப் போனதை நீங்க எதுக்குத் தூக்கிட்டு வாரீய?" என்று பிரிஸ்கில்லா கத்தினாள். பல்லியைக் கண்டாலே அவளுக்கு உடம்பு கூசும். இது பல்லிக்கு அப்பன்.

"அது ஓட மாட்டேங்குது" என்றான் எட்வின். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

மில் கழிவுத் தகரத்திலும் கம்பி வலையிலும் கொல்லைப்புறம் கூண்டு கட்டினான். அது அவன் கையிலிருந்து இலை வாங்கவில்லை. குடித்துவிட்டுக் கிட்டே போனால் தொண்டைத் தோலை விரித்து, வாலால் ஒரு வீசு வீசும். முழங்கையில் சாட்டையடி மாதிரிச் சிவந்துவிடும். மில்லில் மறுபடியும் சேர்த்துக்கொண்ட பிறகும், எல்லாரும் அவனுக்குப் பயந்தோ அருவருத்தோ ஒதுங்கினார்கள். இது ஒன்றுதான் எதிர்த்து நின்றது. அதன் வாயில் ஒரு செம்பருத்திப் பூவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவனுக்கு ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. காலை ஐந்தரைக்கு எழுந்து இலை பறிக்க வேண்டும், பரங்கிக்காய் துருவ வேண்டும், கை நடுங்கக் கூடாது. முதலில் காலையில் குடிப்பதை விட்டான். பிறகு சாயங்காலம். நாலு மாதம் கழித்து ஒரு நாள் அது அவன் விரலிலிருந்து பூவைக் கவ்வி மென்றது. எட்வின் அடுப்படிக்கு ஓடிவந்து, "தின்னுட்டாண்டி!" என்றான். ஆண் என்று நினைத்து மில் முதலாளி வீட்டில் டைகர் என்று கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த மாசியில் முப்பது முட்டை இட்டதும் எட்வின் மரகதம் என்று பெயர் வைத்தான்.

சபையில் அவனைக் கர்த்தர் விடுவித்தார் என்றார்கள். அவனும் ஆமென் என்றான். ஆனால் காலை ஐந்தரைக்குக் கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால்தான் பிரிஸ்கில்லாவுக்கு நெஞ்சு அடங்கும். அந்தச் சத்தம் ஒன்பது வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை.

இந்த வருஷம் மாசி போய்ப் பங்குனி பிறந்தும் மரகதம் முட்டை இடவில்லை. வயிறு மட்டும் ஊதிக்கொண்டே போனது. மண் தொட்டியை நிரப்பி வைத்துக் காத்திருந்தான் எட்வின். அது மண்ணைத் தோண்டவில்லை, இலையைத் தொடவில்லை. பிறகுதான் ஜெபா டாக்டரிடம் கொண்டு போய் ஸ்கேன் பார்த்து, ஊசியில் சதை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். எட்வின் வேலை பார்க்கும் இடத்தில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதால் பிரிஸ்கில்லாவின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவன் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ரிப்போர்ட் வந்துச்சா?" என்றான்.

பிரிஸ்கில்லா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வந்துச்சு. சீழ்க் கட்டியாம். மருந்து ஊத்துனா கரைஞ்சிருமாம். கரையிற வரைக்கும் பசி இருக்காதாம்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றான் எட்வின். சட்டையைக்கூட மாற்றாமல் கொல்லைக்குப் போனான். அங்கிருந்து அவன் குரல் கேட்டது. "ஒண்ணுமில்ல தாயீ, சீழுதானாம். ஒண்ணுமில்ல."

மறுநாளிலிருந்து பிரிஸ்கில்லாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு மாதத்துக்குள் எதையாவது செய்து அந்த ஓணானைப் பிழைக்க வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனிதன் மறுபடியும் குடியில் போய்விடுவான்.

மகள் எலினா கோயம்புத்தூரில் இருந்தாள். அவளிடம் மட்டும் சொன்னாள்.

"உடும்பு செத்தா சாகட்டும்மா. அப்பா என்ன சின்னப் பிள்ளையா?" என்றாள் எலினா. போனை வைப்பதற்கு முன்னால், "அப்பாகிட்ட மெதுவாச் சொல்லும்மா" என்றாள். அவள் குரல் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் குரலாக இருந்தது.

தேவதானத்தில் மூலிகை கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனாள். மரத்தடியில் வேர்களைப் பரப்பி உட்கார்ந்திருந்த அவர், யாருக்கு மருந்து என்று கேட்டார். சொன்னாள். அவர் கையிலிருந்த வேரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, உடும்புக் கறியைத்தான் அந்தக் காலத்துல மருந்தும்பாக. உடும்புக்கு மருந்துன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட வந்ததில்ல."

"உடும்பில்லய்யா, ஓணான்."

"எதுவானா என்ன. புத்துநோய்க்கு மனுசனுக்கே எங்கிட்ட மருந்து இல்லம்மா. இருக்குன்னு சொல்றவன் கிட்டயும் போயிராத."

நல்ல மனிதர். ஆனால் அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று அவரைத் திட்டித் தீர்த்தாள்.

அடுத்து சென்னையில் ஒரு செல்லப் பிராணிக் கடைக்குப் போன் செய்தாள். அதே நிறம், அதே நீளம், இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. கிடைக்குமா என்று கேட்டாள். ராவோடு ராவாக மாற்றி வைத்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு திட்டம். கடைக்காரன், குட்டிதான் இருக்கு, ஒரு சாண், என்றான். "நீங்க கேக்குற சைஸ் வேணும்னா குட்டியை வாங்கிப் பத்து வருஷம் வளக்கணும் மேடம்." போனை வைத்த பிறகுதான் தான் கேட்டது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குப் பட்டது. எட்வினுக்கு மரகதத்தின் செதில் செதிலாகத் தெரியும்.

இதற்கிடையில் எட்வின் காலையும் மாலையும் கீரையை அரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஏற்றி, மரகதத்தின் வாயைப் பிளந்து ஊற்றிக்கொண்டிருந்தான். அது தலையைத் திருப்பும். பல்லைக் கிட்டித்துக்கொள்ளும். பாதி வெளியே வழியும். "நாலு நாளு பொறுத்துக்க தாயீ, சீழு வத்திரும்" என்பான். பிரிஸ்கில்லா அடுப்படி ஜன்னலில் நின்று பார்ப்பாள். ஒரு நாள் அது ஊற்றியதை எல்லாம் கக்கியது. அவன் வாயைத் துடைத்துவிட்டு, மறுபடியும் அரைக்கப் போனான். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. தெரு முக்கில் டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் அவன் தினமும் மில்லுக்குப் போகிறான் என்பது நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். நடத்துகிறவர் சுந்தரம்மாள் டீச்சர், ரிட்டையர் ஆனவர். ஜெபக் குறிப்பு உண்டா என்று டீச்சர் கேட்டபோது பிரிஸ்கில்லா தன்னை அறியாமல் கையைத் தூக்கினாள்.

"மரகதம்னு ஒருத்தி. வயித்துல கேன்சர். டாக்டர் கைவிட்டுட்டாங்க."

"அடப் பாவமே. சொந்தக்காரியா?"

"எங்க வீட்டோடதான் இருக்கா டீச்சர். ஒம்போது வருஷமா."

அவர்கள் வீட்டில் ஓணான் இருப்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு பெயர் உண்டு என்பது ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டு பெண்கள் முழங்காலில் நின்றார்கள். "ஆண்டவரே, சகோதரி மரகதத்தின் வயிற்றைத் தொடும். அவளை நம்பியிருக்கிற குடும்பத்தைக் கண்ணோக்கிப் பாரும்" என்று டீச்சர் உரக்க ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். பிரிஸ்கில்லா தரையில் நெற்றி பட அழுதாள். ஏமாற்றுகிறோமே என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. ஜெபம் உண்மையான ஜெபம். நோயும் உண்மையான நோய்.

அடுத்த நாள், சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, பஞ்சு மார்க்கெட் பக்கம் பரங்கிக்காய் வாங்கப் போன எட்வின் சுந்தரம்மாள் டீச்சரைப் பார்த்தான். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். பரங்கிக்காயை வாசல்படியில் வைத்தான். உள்ளே வரவில்லை.

"மரகதத்துக்குக் கேன்சராமே" என்றான்.

பிரிஸ்கில்லா கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள்.

"டீச்சரம்மா கேக்காங்க, கீமோ குடுக்காங்களா, முடி கொட்டிருச்சான்னு. எந்த மரகதம்னு கேட்டேன். உங்க வீட்டோட இருக்கிற மரகதம்தான் பிரதர்னாங்க." அவன் உதடு ஆடியது. "எம்புட்டு நாளாத் தெரியும் உனக்கு?"

"பதினாறு நாளு."

"பதினாறு நாளு. ரெண்டு வேளைன்னா முப்பத்திரண்டு தடவை. அது வேண்டாம் வேண்டாம்னு தலையைத் திருப்புச்சு. நான் தாடையை நெரிச்சு ஊத்துனேன். சாகப் போறதுன்னு தெரிஞ்சா ஊத்தியிருப்பேனா? சும்மா மடியில வச்சிருந்திருப்பேனே ஏட்டி."

"நான் எதுக்குச் சொல்லலன்னா…"

"எதுக்குன்னு தெரியும். குடிச்சிருவேன்னு." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். "ஒம்போது வருஷம். நான் கழட்டிப் போட்ட சட்டையை நீ மோந்து பாக்கிறதை எத்தனையோ நாளு பாத்திருக்கேன். சரி, நான் செஞ்ச பாவம், மோந்துட்டுப் போகட்டும்னு கெடந்தேன். ஆனா என் கையாலயே அதை வதைக்க வச்சியே? உன் பயத்துக்காகவா?"

அவன் வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போனான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் போவதற்குள் எக்செல் வண்டி கிளம்பிவிட்டது. கூண்டு திறந்து கிடந்தது. மரகதமும் இல்லை, துணி விரித்த பிளாஸ்டிக் கூடையும் இல்லை.

போன் செய்தாள். அவன் போன் வீட்டுக்குள் மேசைமேல் அடித்தது.

பிரிஸ்கில்லா சேலையைக்கூட மாற்றவில்லை. பைபிள் வைக்கிற கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். தெரு முக்குக் கடையில் இல்லை. தென்காசி ரோட்டுக் கடைக்கு ஆட்டோவில் போனாள். உச்சி வெயில். கடை திறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது, கூட்டம் நெருக்கியடித்தது. அந்த வாசலில் அவள் முன்பு பல தடவை நின்றிருக்கிறாள். மறுபடியும் நிற்க வேண்டாம் என்று எத்தனை உபவாசம் இருந்திருக்கிறாள்.

"ஒரு ஆளு வந்தாரா? கூடையில பெரிய ஓணான் வச்சிருப்பாரு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். "நாங்கல்லாம் ஓணானாத்தாம்மா தெரியிறோம்" என்றான் ஒருவன். இன்னொருவன், வயதானவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"வந்தாரும்மா. எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திட்டு ரொம்ப நேரம் நின்னாரு. கூடையில துணி மூடியிருந்துச்சு. பொறவு வந்து ஒரு குவாட்டர் வாங்கிட்டுப் போனாரு."

"எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம். இங்க உக்காரல."

 வாங்கிவிட்டான். ஆக அந்த ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது. கண்மாய்க் கரை, மில் பின்புறம், அவன் முன்பு விழுந்து கிடக்கிற இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதிலும் அவனை அந்தக் கூடையோடு நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் தோன்றியது. கூடையை எதற்கு எடுத்துக்கொண்டு போனான்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. ஓடி ஏறினாள். மம்சாபுரம் விலக்கு வரை உட்கார இடமில்லை, பிறகு இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ஆண்டவரே ஆண்டவரே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. ரோட்டோரம் கிடக்கிற ஒவ்வொரு எக்செல் வண்டியையும் குனிந்து பார்த்தாள்.

ஜெபா டாக்டரின் கிளினிக் வாசலில் அவன் வண்டி நின்றது.

உள்ளே மர பெஞ்சில் எட்வின் உட்கார்ந்திருந்தான். மரகதம் அவன் மடியில் கிடந்தது. பச்சை போய்ச் சாம்பல் பூத்திருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாக எழும்பித் தெரிய, வயிறு மட்டும் வீங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்து, ஓணானைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்வின் பிரிஸ்கில்லாவைப் பார்த்தான். சட்டைக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்து நீட்டினான். மூடி உடையவில்லை.

"வாங்கிட்டேன். திறக்கல. கையில இருந்தா திறந்துருவேன். நீ வச்சுக்க."

அவள் வாங்கிக் கைப்பையில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை மூடினாள். ஆட்டுக்குட்டிக்காரி வாயைப் பிளந்து பார்த்தாள்.

ஜெபா அவர்களை உள்ளே கூப்பிட்டாள். சின்ன வயது டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணன் கேட்டுட்டாரு. நான் எல்லாம் சொல்லிட்டேன்க்கா. இன்னைக்கே செஞ்சிரலாம்ங்காரு."

"இன்னொரு வாரம் பாத்தா?" என்றாள் பிரிஸ்கில்லா. இப்போதும் அவளால் விட முடியவில்லை. "மருந்தைக் கூட்டிக் குடுத்துப் பாத்தா?"

"ஏட்டி" என்றான் எட்வின். "போதும்."

முதலில் மயக்க ஊசி. மரகதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைக் கீழே வைத்தது. எட்வின் அதன் தாடைக்குக் கீழே ஒரு விரலை வைத்துக்கொண்டான். "இனிமே ஊத்த மாட்டேன் தாயீ" என்றான். பிறகு இரண்டாவது ஊசி. ஜெபா பேனா மாதிரி ஒரு கருவியை அதன் மார்பில் வைத்தாள். சின்ன ஸ்பீக்கரில் துப் துப் என்று சத்தம் வந்தது.

"இதுகளுக்கு இதயம் சட்டுன்னு நிக்காதுண்ணே. அதுக்கு ஒண்ணும் தெரியல, வலி இல்ல. ஆனா துடிப்பு ஓடிக்கிட்டே இருக்கும். முழுசா நிக்கிற வரைக்கும் நான் விட மாட்டேன்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. சத்தம் நின்றது என்று நினைப்பார்கள், மறுபடி ஒன்று வரும். எட்வின் மேசையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையை ஆட்டினான். பிரிஸ்கில்லா கைப்பையை மார்போடு அணைத்து நின்றாள். பாட்டில் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. இப்போது கேட்டுவிடுவானோ, இப்போது கேட்டுவிடுவானோ என்றிருந்தது. அதோடு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த ஓணானுக்காகவே அழுகை வந்தது. அது தலையைத் திருப்பியதை ஜன்னலில் நின்று பார்த்தவள் அவள்தான்.

நான்கு மணிக்குச் சத்தம் நின்றது. ஜெபா பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டு, "முடிஞ்சுது" என்றாள்.

கிளம்பும்போது பிரிஸ்கில்லா பாட்டிலை டாக்டரின் மேசையில் வைத்தாள். "இதை எங்கயாவது ஊத்திருங்க" என்றாள். 

வரும்போது பின்சீட்டில் கட்டி வந்த கூடையை முன்னால் வைத்தால் கால் வைக்க இடமில்லை. பிரிஸ்கில்லா மரகதத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வால் தொங்கியது. அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். தோல், அவள் நினைத்த மாதிரி வழவழப்பாக இல்லை. சொரசொரவென்று, காய்ந்த சணல் சாக்கு மாதிரி இருந்தது.  பொழுது விழுவதற்குள் கொல்லையில் குழி வெட்டி மூடினார்கள்.

இத்தோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. மூன்று நாள் எட்வின் வேலைக்குப் போகவில்லை. ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருப்பான், செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பிரிஸ்கில்லாவும் எழுந்து பக்கத்தில் உட்காருவாள். டீ போட்டுக் கொடுப்பாள். "உன்னை மன்னிக்கல" என்பான். "சரி" என்பாள். நான்காம் நாள் வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் சாயங்காலம் வாசலில் நின்று, "குடிச்சிட்டு வந்திருக்கேன்" என்றான்.

 பதினாறு நாள் பொய் சொன்னதும், தேவதானம் போனதும், பன்னிரண்டு பேரை முழங்காலில் நிறுத்தியதும் எல்லாம் இதைத் தடுக்கத்தான். எதுவும் தடுக்கவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"கடைசியில நீ பயந்ததுதான் நடந்துச்சு" என்றான்.

"நான் பயந்தது இது இல்ல" என்றாள். "அப்பல்லாம் நீங்க வந்து சொன்னதே கிடையாது. நான்தான் தேடிக்கிட்டு வருவேன்." சொன்ன பிறகு அது தனக்கே தெம்பு தருகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுந்தரம்மாள் டீச்சர் வீட்டுக்குப் போய் அவள் உண்மையைச் சொன்னாள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓணானுக்கா நாங்க முழங்கால் போட்டோம்?" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு சீட்டில் நம்பர் எழுதிக்கொண்டு வந்தார். "பிரதரைக் கூட்டிட்டு இங்க போ. என் தம்பியை நான் இங்கதான் கூட்டிட்டுப் போனேன். சபையில யாருக்கும் தெரியாது" என்றார்.

அந்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு ஆஸ்பத்திரி மாடியில். குடிநோய்க்காரர்களோடு பேசுவதற்கென்று இருந்தவர் பெயர் பாண்டிதுரை. நாற்பது வயதிருக்கும். முன்னால் ஒரு படிவம் வைத்திருந்தார். எத்தனை வயதில் ஆரம்பித்தது, எவ்வளவு, எந்த நேரம் என்று கேட்டு எழுதினார். எட்வின் தரையைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"நடுவுல ஒம்போது வருஷம் தொடவே இல்லன்னு போட்டிருக்கீங்க. மருந்து மாத்திரை எதுவும் இல்லாமலா? எப்படி இருந்தீங்க?"

  எட்வின் வாயைத் திறந்து மூடினான். காது சிவந்தது.

"மரகதம்னு ஒரு ஓணான் வளத்தோம் சார்" என்றாள் பிரிஸ்கில்லா.

பாண்டிதுரை எழுதுவதை நிறுத்தினார். சிரிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். சிரிக்கட்டும், இதைவிடப் பெரிய கேவலத்தை எல்லாம் டாஸ்மாக் வாசலிலேயே பட்டாயிற்று என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஓணானா? என்ன சாப்பிடும் அது?"

எட்வின் தலையைத் தூக்கினான். "செம்பருத்தின்னா உசுரு சார்" என்றான்.  கனைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தான். சாக்கை அவிழ்த்துவிட்டும் அது ஓடாமல் உட்கார்ந்திருந்ததிலிருந்து சொன்னான். வெளியே காத்திருந்தவர்கள் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.